வலது பக்கம் முதல் தாங்கு

யூலிட்டா ஹாரிகனின் டிரெய்லரைப் பற்றி எங்கள் தீவில் ஒரு கேலி உண்டு. அது ஒரே படகுக்கு வாழ்க்கைப்பட்ட டிரெய்லர், அதுவும் சர்ச்சில் மோதிரம் மாற்றி, என்பார்கள்.

மற்ற ஊர்க்காரர்களின் டிரெய்லர்களில் படகைத் தாங்கும் பலகைகள் திருகுக் கம்பிகளின் மேல் நிற்கும். ஏற்றலாம், இறக்கலாம். எந்தப் படகு வந்தாலும் அரைமணி நேரம் திருகித் திருகி, இடுக்கில் ஒரு பழைய டயரைச் செருகி, எப்படியோ உட்கார வைத்துவிடலாம். யூலிட்டாவுக்கு அந்தப் பிழைப்பே ஆகாது. திருகு ரோட்டில் ஆடும், ஆடினால் தளரும், தளர்ந்தால் படகின் வயிற்றில் குத்தும் என்பாள். அவள் வெல்டிங் பட்டறைக்காரி. 'குட் நியூஸ்' படகைக் கட்டி முடித்த கையோடு அதன் வயிற்றுக்கு அளவெடுத்து, பக்கத்துக்கு நாலாக எட்டுத் தாங்குகளை இரும்போடு இரும்பாகப் பற்றவைத்துவிட்டாள். தாங்குகளின் மேல் கம்பளம் சுற்றிய பலகை, நடுவில் அடிக்கட்டை இறங்க ஒரு பள்ளம். திருகும் கிடையாது, டயரும் கிடையாது.

"வேற போட்டை ஏத்தணும்னா என்ன பண்ணுவே?" என்று ஒருத்தன் கேட்டானாம். "வேற போட்டை நான் ஏன் ஏத்தணும்?" என்றாளாம். அப்படிப்பட்ட வாய் அவளுக்கு.

படகை ஏற்றும் வேலை அவளுக்கும் தம்பி ஆர்னெலுக்கும் மட்டும்தான். அவள் பச்சை லாரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரைக் கடலுக்குள் இறக்குவாள். ஆர்னெல் கழுத்தளவு தண்ணீரில் நின்று படகின் மூக்கைப் பிடித்து அடிக்கட்டையைப் பள்ளத்துக்கு நேராகக் கொண்டுவருவான். எட்டுத் தாங்கிலும் வயிறு படிந்ததும் ஸ்பேனரால் டிரெய்லர் சட்டத்தில் இரண்டு முறை தட்டுவான். டங், டங். அந்தச் சத்தம் இரும்பு வழியாகவே லாரிக்குள் அவள் காலுக்கு வந்துசேரும். அதன் பிறகுதான் அவள் கியரைத் தொடுவாள். கரையேறி, வாரெல்லாம் இழுத்துக் கட்டி, ரோட்டுக்குக் கிளம்பும் முன்னால் மறுபடியும் அதே இரண்டு தட்டு. பதினோரு வருஷமாக அவள் ஒரு தடவைகூட இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. தம்பி தட்டினால் போதும்.

அந்த எட்டுத் தாங்குகளில் வலது பக்கம் முதலாவது மட்டும் மற்றதற்கு ஜோடி இல்லாமல் ஒரு விரல் தாழ்ந்திருக்கும். அது ஏன் என்று அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். படகு கட்ட ஆரம்பித்த வருஷம், ஷெட்டில் பிளைவுட் மேல், படகுப் பலகைகளை வளைத்து ஒட்டுவதற்கான அச்சுகளை யூலிட்டா வரைந்துகொண்டிருந்தாள். ரேடியோவில் கிரிக்கெட். முன்னாலிருந்து மூன்றாவது அச்சின் வலது பாதியை வரையும்போது வெஸ்ட் இண்டீஸின் கடைசி நம்பிக்கையான ஆள் ஸ்டம்ப் பறக்க வெளியேறினான். யூலிட்டா ரேடியோவைப் பார்த்துத் திட்டிய திட்டில் கையிலிருந்த பென்சில் சாய்ந்துவிட்டது. ஆர்னெல் கோட்டைப் பார்த்து அப்படியே அறுத்துவிட்டான். பலகைகளை வளைத்துப் பசை போட்டு ஒட்டின பிறகுதான் தெரிந்தது, வலது பக்கம் ஒரு விரல் புடைத்திருக்கிறது என்று. கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை வைத்துத் தடவினால் தெரியும்.

"ஊருக்குத் தெரிஞ்சா மானம் போச்சு," என்றாள் யூலிட்டா.

"யாருக்குத் தெரியப் போகுது? இதுக்குப் பேரு விக்கெட்," என்றான் ஆர்னெல்.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்புறம் அவள் போய் அந்த ஒரு தாங்கை மட்டும் தாழ்த்திப் பற்றவைத்தாள். அச்சுகளை ஷெட்டிலேயே பூட்டிவைத்தார்கள்.

விக்கெட்டோடு சேர்த்துதான் 'குட் நியூஸ்' ஒன்பது வருஷம் ஓடியது. அதில் ஆறு வருஷம் பந்தயக் கோப்பை எங்கள் ஊரான கிழக்கு முனைக்குத்தான் வந்தது. மாப்பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் படகை இடுப்புவரை தார்ப்பாய் போட்டு மூடித்தான் ரோட்டில் இழுத்துப்போவார்கள். ஒரு ஊர்ப் படகின் அடிவயிற்றை இன்னொரு ஊர்க்காரன் பார்க்கக் கூடாது. தொட்டுப் பார்த்தால் அடிதடிதான்.

போன வருஷம் மேற்குக்கரைக்காரர்கள் 'பிளாக் பெப்பர்' என்று ஒரு புதுப் படகை இறக்கினார்கள். அதோடு குட் நியூஸின் கதை முடிந்தது. காற்று எப்படி அடித்தாலும் சரி, கடைசித் திருப்பம் வரை இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும்; அதற்கப்புறம் பிளாக் பெப்பர் இரண்டு படகு நீளம் முன்னால் போய்விடும். ஐந்து பந்தயத்தில் ஐந்தும். ரம் கடையில், சர்ச் வாசலில், ஆட்டிறைச்சி சூப் வாங்கும் வரிசையில், எங்கே போனாலும் யூலிட்டாவுக்குக் காது கூசியது.

"முன்பக்கம் ரொம்பப் பெருத்துப் போச்சு. அலையில குத்துது."

"பொம்பளை போட்ட கோடு, வேற எப்படி இருக்கும்?"

"பேரு குட் நியூஸ், வர்றதெல்லாம் கெட்ட செய்தி!"

இந்த வருஷம் ஜூலையில் எங்கள் ஊர்ப் படகுக் கமிட்டி கூடியபோது படகின் முன்பகுதியை அறுத்துவிட்டு வேறு மூக்கு வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை சொன்னது வேறு யாருமில்லை, ஆர்னெல்.

"அக்கா மேல தப்பு சொல்லல. அன்னிக்கு நான்தான் அவ பேச்சைக் கேட்டு அப்படி வெச்சேன். நானே அறுத்து நானே மாத்தித் தர்றேன்," என்றான். குரல் தழதழத்தது. பாவம், தம்பிதான் பழியைத் தன் தலையிலும் பாதி ஏற்றிக்கொள்கிறான் என்று யூலிட்டாவே நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே, அதைச் சொல்லுங்கள்!

கேப்டன் ஃப்ளெமிங்தான் கமிட்டித் தலைவர், சுக்கானும் அவர் கையில்தான். அவர் முடிவாகச் சொன்னார். "ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமைப் பந்தயம் வரைக்கும் பொறுப்போம். அதுலயும் இவனுங்ககிட்ட தோத்தா, செவ்வாய்க்கிழமை காலையில அறுத்துடுவோம்."

யூலிட்டா அன்று சாப்பிடவில்லை. தான் பெற்ற பிள்ளையைப் போல என்றெல்லாம் அவள் பேசமாட்டாள். ஆனால் அந்த மூக்கின் ஒவ்வொரு பலகையும் அவள் மடியில் வைத்து இழைத்தது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. சாண்டி கிரவுண்ட் கரையில் நிற்க இடமில்லை. வாட்டிய இறைச்சிப் புகையும் ரேடியோ இரைச்சலும் கூச்சலுமாகக் கிடந்தது. யூலிட்டா லாரியின் கூரைமேல் ஏறி நின்று பார்த்தாள். கடைசித் திருப்பத்தில் குட் நியூஸ் முன்னால் இருந்தது. அவள் இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் கறுப்புப் படகு பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. அவசரப்படாமல் வந்தது. தாண்டிப் போயேவிட்டது. ஒரே ஒரு படகு நீளம்.

கீழே மேற்குக்கரைக்காரர்கள் குதித்தார்கள். "மூக்கறுக்கப் போறாங்களாம்ல! நாளைக்கு மூக்கறுக்கப் போறாங்களாம்!" செய்தி அங்கேயும் போயிருக்கிறது.

யூலிட்டா கூரையிலிருந்து இறங்கி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை, ஆனால் மூக்கு மட்டும் ஒழுகியது. குட் நியூஸ் நங்கூரத்தில் நின்றது. அதன் பாய்மரத்தை அவிழ்க்க இன்னும் ஒருமணி நேரம் ஆகும். அவளுக்கு எங்கேயும் போகத் தோன்றவில்லை.

அப்போதுதான் கரையில் வேறு மாதிரிக் கூச்சல் கேட்டது. ஜெயித்தவர்கள் ஜெயித்த வேகத்தில் பாய்மரத்தைக் கழற்றி, பாரத்தை இறக்கி, பிளாக் பெப்பரைத் தங்கள் டிரெய்லரில் ஏற்றப் போயிருந்தார்கள். பாதி ஏறும்போது ஈர மணலில் ஒரு பக்கச் சக்கரம் புதைந்து இருசு முறிந்துவிட்டது. டிரெய்லர் சாய்ந்தது. படகு வழுக்கி அலை உடையும் இடத்திலேயே குறுக்காக விழுந்து கிடந்தது. வடக்கிலிருந்து அலை வேறு ஏறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கி முறிந்த இரும்பின் மேல் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எங்கள் தீவில் பிறந்தவள் எவளாலும் உட்கார்ந்திருக்க முடியாது.

யூலிட்டா லாரியைக் கிளப்பினாள்.

மேற்குக்கரைக் கேப்டன் லாம்பர்ட் கானர் மார்பளவு தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்கள் முப்பது பேர் படகைக் கையால் பிடித்து இரும்பிலிருந்து விலக்கப் பார்த்தார்கள்.

"லாம்பர்ட்! என் டிரெய்லர் காலியா இருக்கு. வழியை விடச் சொல்லு!" என்றாள்.

லாம்பர்ட் அவளைப் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய முகம் வெளுத்துப்போயிருந்தது. "வேண்டாம் யூலிட்டா. உன் டிரெய்லர்ல வேற போட் உட்காராதுன்னு ஊருக்கே தெரியும்."

"உட்காராட்டி சாய்ச்சுக் கட்டி இழுக்கறேன். கரைக்கு வந்தாப் போதும்ல?"

ஆர்னெல் எங்கிருந்தோ ஓடிவந்து லாரிக் கதவைப் பிடித்தான். மூச்சிரைத்தது. "அக்கா, சொன்னாக் கேளு. அவனுங்க நம்மளை என்ன பேச்சு பேசினாங்க? அவனுங்க போட்டு எக்கேடோ கெட்டுப் போகட்டும். நம்ம தாங்கு வளைஞ்சுடும்."

"தாங்கு வளைஞ்சா நான் பத்தவெச்சுக்கறேன். போட்டு ஒடைஞ்சா யாருடா பத்தவெப்பா? போய் உன் இடத்துல நில்லு."

"அக்கா..."

"போடான்னேன்!"

நமக்காக எவ்வளவு பொங்குகிறான் பார் என்று அவளுக்குத் தம்பிமேல் பாசம்தான் வந்தது. அவன் தண்ணீரில் இறங்கினான். இறங்கும்போது லாம்பர்ட்டும் அவனும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை அவள் கண்ணாடியில் பார்த்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டிரெய்லரைப் பின்னுக்கு இறக்கினாள். முப்பது பேரும் ஒரு பெரிய அலைக்காகக் காத்திருந்து, அது வந்ததும் படகைத் தூக்கிவிட்டார்கள். படகு டிரெய்லருக்கு மேலே வந்தது. அலை பின்வாங்கியது. எங்கேயோ இடிக்கும், எங்கேயோ தூக்கிக்கொண்டு நிற்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. லாரியின் பின்பக்கம் மட்டும் மெதுவாகத் தாழ்ந்தது, நன்றாகத் தெரிந்த ஆள் வந்து பக்கத்தில் உட்கார்வதுபோல.

தட்டுக்காகக் காத்திருந்தாள். தட்டு வரவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். ஆர்னெல் ஸ்பேனரைப் பிடித்த கையைத் தொங்கப்போட்டபடி நின்றான். தட்டவில்லை, அசையவும் இல்லை. "என்னடா ஆச்சு?" என்று கத்தினாள். அடுத்த அலை வருவதற்குள் அவளாகவே கியரைப் போட்டு இழுத்துவிட்டாள். தட்டு இல்லாமல் அவள் படகை இழுத்தது அதுதான் முதல் தடவை. கறுப்புப் படகு கொஞ்சம்கூட ஆடாமல் பின்னால் ஏறி வந்தது. கரை முழுக்கக் கைதட்டியது. இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த ஹில்டா கரண்டியை ஆட்டிக்கொண்டு, "அடியே யூலிட்டா, என்ன அதிர்ஷ்டம்டி உனக்கு! அளவெடுத்துத் தெச்ச மாதிரி உட்கார்ந்துடுச்சே!" என்று கூவினாள்.

யூலிட்டா இறங்கிப் பின்னால் போனாள். அவளுடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஹேக்ஸா பிளேடு இருக்கும். குனிந்து தாங்குக்கும் படகுக்கும் நடுவே பிளேடைச் செருகிப் பார்த்தாள். நுழையவில்லை. இடது பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எதிலும் பிளேடு நுழையவில்லை. வலது பக்கம் பின்னாலிருந்து வந்தாள். அதிலும் இல்லை.

முதல் தாங்கின் முன்னால் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். இது ஒரு விரல் தாழ்ந்த தாங்கு. உலகத்தில் வேறு எந்தப் படகாக இருந்தாலும் இங்கே ஒரு விரல் இடைவெளி இருந்தே ஆக வேண்டும். பிளேடை வைத்து அழுத்தினாள். பிளேடு வளைந்ததே தவிர உள்ளே போகவில்லை.

"யாரு எங்க போட்டுக்குக் கீழே கையை விடறது?" என்று மேற்குக்கரைக்காரன் ஒருவன் வந்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுகொண்டான்.

உள்ளங்கையை வைத்துத் தடவினாள். கறுப்பு வண்ணத்துக்கு அடியில் அது இருந்தது. அந்தச் சின்ன மேடு. அன்றைக்கு அவளுடைய வாயிலிருந்து வந்த திட்டு, சாய்ந்த பென்சில், இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, எல்லாம் அடுத்த ஊர்ப் படகின் வயிற்றில் இருந்தன. அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்னெல் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் ஓடிப்போகவில்லை, அதை மட்டும் அவனுக்காகச் சொல்ல வேண்டும். அவள் எழுந்து அவனிடம் போனாள்.

"விக்கெட்டையுமா குடுத்தே?" என்றாள்.

அவன் கீழே பார்த்தான். "அச்சைக் குடுத்தேன். விக்கெட் அதுலதானே இருக்கு."

"எப்போ?"

"நீ செயின்ட் மார்ட்டின்ல ஆபரேஷனுக்குப் படுத்திருந்தப்போ. மூணு நாள்தான். கோடு எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அந்த மூணு நாளும் தினமும் படகேறி எனக்கு சூப்பு கொண்டு வந்தியேடா."

அவன் ஸ்பேனரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"என்னடா குடுத்தாங்க? என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல. சத்தியமா ஒண்ணும் வாங்கல." அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. "இங்க அது யூலிட்டாவோட போட். ஜெயிச்ச ஆறு வருஷமும் ரேடியோவுல யூலிட்டா கட்டின போட். நான் யாரு? பலகை அறுக்கறவன். ஸ்பேனர் தட்டறவன். அங்க என்னை நடுவுல உட்கார வெச்சு, 'மாஸ்டர், இதை எப்படி வளைக்கணும், சொல்லுங்க'ன்னு கேட்டாங்க அக்கா. மாஸ்டர்னு கூப்பிட்டாங்க."

"அதை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேடா. நானே படகு மேல உன் பேரை எழுதியிருப்பேனே!"

"எழுதியிருப்பே. நீ எழுதிக் குடுத்ததா இருந்திருக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அதில் கொஞ்சம் நியாயம்கூட இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. ஜூலைக் கூட்டம். தழதழத்த குரல்.

"மூக்கை அறுக்கலாம்னு சொன்னியே."

"அக்கா, அது..."

"அறுத்தா விக்கெட்டும் சேர்ந்து போயிடும். அப்புறம் ரெண்டு போட்டையும் பக்கத்துல வெச்சாக்கூட எவனுக்கும் தெரியாது. அதுக்குத்தானே? ஊரே என்னைக் காறித் துப்பினப்போ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தே. அது போதாதுன்னு நானே அறுக்கறேன்னு ரம்பத்தையும் தூக்கினே. பாவி! அந்த ரம்பத்தை என் கழுத்துல வெச்சிருக்கலாமேடா!"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேப்டன் ஃப்ளெமிங்கைத் தேடிப் போனாள்.

கிழவர் தோற்ற களைப்பில் கவிழ்த்த தோணிமேல் உட்கார்ந்து கரும்புள்ளி விழுந்த மாம்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன், வாங்க. இங்க கையை வைங்க," என்று அவரை பிளாக் பெப்பரின் அடியில் குனியவைத்து, அந்த மேட்டின்மேல் அவருடைய கையை அழுத்தினாள். "ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்ம போட்டை ஏத்தினப்புறம் மறுபடியும் கூப்பிடறேன்."

"என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டுத்தான். பாருங்க."

நாற்பது பேர் சேர்ந்து பிளாக் பெப்பரை டிரெய்லரிலிருந்து இறக்கி மேட்டு மணலில் டயர்களின் மேல் நிறுத்தினார்கள். குட் நியூஸ் பாய்மரம் இறக்கிக் காத்திருந்தது. தார்ப்பாய் எடுத்துவந்த எங்கள் ஊர்ப் பையன்களை யூலிட்டா விரட்டிவிட்டாள். "ஒண்ணும் மூட வேண்டாம். இன்னிக்கு எல்லாரும் பாக்கட்டும்."

பிறகு தம்பியைப் பார்த்து, "போய் உன் இடத்துல நில்லு," என்றாள். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது.

அவன் போய் நின்றான். படகைக் கொண்டுவந்தான். அவன் கை எப்போதும்போல் சரியாகத்தான் வேலை செய்தது. குட் நியூஸ் எட்டுத் தாங்கிலும் இறங்கி உட்கார்ந்தது. டிரெய்லரில் எதையும் யாரும் மாற்றவில்லை, ஒரு கம்பளத்துண்டைக்கூட நகர்த்தவில்லை. அதை முந்நூறு பேர் பார்த்தார்கள். டங், டங் என்றது இரும்பு. அவள் இழுத்தாள்.

கரையேறியதும் கேப்டன் தானாகவே வந்தார். குனிந்து கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. எழுந்து மேட்டு மணலுக்கு நடந்துபோய் பிளாக் பெப்பரைத் தடவினார். திரும்பி வந்து குட் நியூஸைத் தடவினார். வாட்டிய இறைச்சி கருகும் வாசனை வந்தது. ஹில்டாவும் அடுப்பை விட்டு வந்திருந்தாள்.

"லாம்பர்ட்," என்றார் கேப்டன். "ஏதாவது சொல்றியா?"

லாம்பர்ட் தலையைச் சொறிந்தான். "நாங்க திருடல கேப்டன். வீடு தேடி வந்துச்சு, வாங்கிக்கிட்டோம். பலகையை மட்டும் மெலிசா போட்டோம். போட்டு லேசாச்சு."

"அப்போ தோக்கறதும் இந்த வயிறுதான், ஜெயிக்கறதும் இந்த வயிறுதான். நாளைக்குக் காலையில நான் எதை அறுக்கறது?" என்றார் கேப்டன் ஃப்ளெமிங். "ஒண்ணையும் அறுக்கல. மழை பெய்யறதுக்குள்ள வீட்டுக்கு இழுத்துட்டுப் போம்மா."

அப்புறம் யாரோ, "அச்சு இருந்த ஷெட் சாவி யார் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்கள். யூலிட்டா வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியும் இருக்கவில்லை. ஹில்டாதான் முதலில் திரும்பி ஆர்னெலைப் பார்த்தாள். "அடப்பாவி," என்றாள், சத்தமில்லாமல். அப்புறம் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னால் மூக்கறுப்பைப் பற்றிக் கூவியவர்கள்கூடச் சிரிக்கவில்லை. ஆர்னெலோடு ஒரே கயிற்றை இழுத்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக அவனைவிட்டு நகர்ந்து போனார்கள்.

படகு பிழைத்துவிட்டது. ஜூலையிலிருந்து யூலிட்டா கேட்டுக்கொண்டிருந்ததெல்லாம் இது ஒன்றைத்தான். இப்போது கையில் கிடைத்திருக்கிறது, ஆனால் அவளுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டில் பக்கத்து அறை அவனுடையது. இரண்டு பேருக்கும் ஒரே சமையலறை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆர்னெலுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லைபோல. பதினோரு வருஷமாகச் செய்ததையே செய்தான். வார்களை எடுத்துப் படகின் மேல் எறிந்தான், அந்தப் பக்கம் போய் இழுத்துக் கட்டினான், முடிச்சை ஒருமுறைக்கு இருமுறை காலால் மிதித்து இறுக்கினான். குனிந்து எட்டுத் தாங்கையும் பார்த்தான். யாரும் உதவிக்குப் போகவில்லை, தடுக்கவும் இல்லை. யூலிட்டா லாரியில் ஏறி எஞ்சினைக் கிளப்பி உட்கார்ந்திருந்தாள்.

டங், டங்.

சத்தம் இரும்பு வழியாக வந்து அவள் காலைத் தொட்டது. கை பழக்கத்தில் கியருக்குப் போனது. போன கையை எடுத்துக்கொண்டாள்.

எஞ்சினை அணைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள். சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். ஆர்னெல் ஸ்பேனரோடு நின்றிருந்தான். "அக்கா, சரியா இருக்கு. நான் பாத்துட்டேன்," என்றான் மெதுவாக. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் மணலில் முழங்கால் போட்டாள். இடது பக்கம் ஒன்று. செருகிப் பார்த்தாள். இரண்டு. மூன்று. நாலு. எழுந்து முழங்கால் மணலைத் தட்டிவிட்டு வலது பக்கம் வந்தாள். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது, அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு கோணியது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, முதல் தாங்கிடம் மட்டும் கூடுதல் நேரம் குனிந்திருந்தாள். பிறகு எல்லா வாரையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

எட்டும் சரியாகத்தான் இருந்தன. அவள் ஏறி லாரியை எடுத்தாள்.